தடம் பதியாக் கடலில் தடம் தேடி

நிலத்தில் நடமாடும் உயிர் தடம் விட்டுச் செல்கிறது. ஈரமண்ணில் பதிந்த குளம்பைக் கண்டு மான் சென்ற திசையைக் காட்டில் வாழ்வோர் கூறிவிடுவர். ஒடிந்த கிளையும் கிடக்கும் இலத்தியும் யானைக்கூட்டம் கடந்த பாதையைக் காட்டிவிடும். கடலோ எந்தத் தடத்தையும் தன்மேல் நிறுத்தி வைப்பதில்லை. பறவை சென்ற வானிலும் சுவடில்லை. திமிங்கலம் மூழ்கிய நீரிலும் சுவடில்லை. ஆகவே, கடலை நம்பி வாழும் பறவைகளும் பாலூட்டிகளும் கரையைவிட்டு நீங்கியபின் எங்குச் செல்கின்றன, என்ன செய்கின்றன என்பது நெடுங்காலம் விடையறியா வினாவாகவே இருந்தது.

இவ்வினாவுக்கு விடை காண்பது வெறும் ஆவலைத் தணிப்பதற்காக அன்று. ஓர் உயிரினம் எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எதனால் மாள்கிறது என்பதை அறியாமல் அதனைக் காப்பாற்ற இயலாது. கடலுயிர்களின் வாழ்வைக் காக்கும் பணி, அவை செல்லும் வழியை அறிவதிலிருந்தே தொடங்குகிறது.

ஒரே நீர், வெவ்வேறு வயல்கள்

கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல் எங்கும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில், கடலிலும் வளமான நிலமும் வறண்ட நிலமும் போன்ற வேறுபாடுகள் உள்ளன. ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழும் இடங்களில் ஊட்டச்சத்துகளும் உடன் வருகின்றன. அவற்றைக் கொண்டு மிதவை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண இறால் போன்ற சிற்றுயிர்களும், அவற்றை உண்ண மீன்களும் கணவாய்களும் திரள்கின்றன. குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் எல்லைகளும், கடலடித் தரை திடீரெனச் சரியும் விளிம்புகளும் இத்தகைய விளைநிலங்களே. இவ்வயல்கள் ஓரிடத்தில் நிலைத்திரா. பருவந்தோறும் இடம் மாறுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டடையும் திறனே கடற்பறவைகளையும் சீல், திமிங்கலம் போன்ற பாலூட்டிகளையும் வாழவைக்கிறது.

முதல் முயற்சிகள்

தொடக்கத்தில் ஆய்வாளர்க்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுதல். அப்பறவை வேறோரிடத்தில் பிடிபட்டால், அது புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரியவரும். இடைப்பட்ட பயணம் தெரியாது. மற்றொன்று, கப்பலில் சென்று கண்ணில் பட்டவற்றை எண்ணுதல். இம்முறையில் ஒரு பகுதியில் எத்தனை பறவைகள் உள்ளன என்பது விளங்கும். அவை எந்தத் தீவிலிருந்து வந்தவை, கூட்டில் குஞ்சை விட்டு வந்தவையா என்பன விளங்கா. நீருக்கடியில் நிகழ்வதையோ இருவழியாலும் அறிய முடியவில்லை.

நீருக்கடியில் நிகழ்வதை அறிய 1960களில் ஒரு வாயில் திறந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கூய்மன், அண்டார்க்டிகாவின் உறைபனிக்கடியில் மூழ்கும் வெட்டல் சீல் என்னும் விலங்கை ஆராய்ந்தார். சமையலறையில் நேரம் குறிக்கப் பயன்படும் ஒரு மணி நேரக் கடிகாரப்பொறியைக் கொண்டு அவர் ஒரு கருவியைச் செய்தார். கடிகாரப்பொறி, புகைபடிந்த கண்ணாடி வட்டு ஒன்றை மெல்லச் சுழற்றும். நீரின் அழுத்தத்திற்கு ஏற்ப அசையும் முள், அவ்வட்டில் கீறல் இடும். சீல் நீரிலிருந்து மீண்டதும் அக்கீறலைப் படித்து, அது எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் மூழ்கியது என்று கணக்கிடலாம். அருகில் வேறு துளை இல்லாத பனித்தளத்தில் ஒரு துளையிட்டு, அதன்வழியே சீலை அனுப்பியதால், மூச்செடுக்க அது மீண்டும் அதே துளைக்கே வந்தது. கருவியும் கைக்கு வந்தது. இம்முறையால் வெட்டல் சீல் 600 மீட்டர் ஆழம்வரை செல்வதும், 40 நிமிடங்களுக்கு மேல் மூச்சடக்க வல்லது என்பதும் உறுதியாயின.

ஒளியும் அலையும் காட்டும் வழி

இன்று பயன்படும் கருவிகள் பலவகைப்பட்டவை. அவற்றுள் இரண்டின் செயற்பாட்டை அறிந்துகொள்வது நன்று.

முதலாவது, ஒளிப்பதிவுக் கருவி. இது தன்மேல் விழும் ஒளியின் அளவை நேரத்துடன் பதிவு செய்கிறது. இப்பதிவிலிருந்து ஞாயிறு தோன்றிய நேரமும் மறைந்த நேரமும் தெரியவரும். பகலின் நீளம், அந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டும். நண்பகல் நிகழும் நேரம், அந்த இடம் கிழக்கு மேற்காக எங்குள்ளது என்பதைக் காட்டும். பழங்கால மாலுமிகள் வானை நோக்கிக் கணித்ததையே இச்சிறு கருவியும் செய்கிறது எனலாம். இக்கணிப்பில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரை பிழை நேரக்கூடும். பகலும் இரவும் எங்கும் சமமாக இருக்கும் மார்ச்சு, செப்டம்பர் மாத நாள்களில் வடக்கு தெற்கு நிலையை அறிவது அரிது. ஆயினும், பெருங்கடலைக் கடக்கும் பறவையின் வழியை அறிய இவ்வளவு நுட்பமே போதுமானது.

ஆர்க்டிக் ஆலாவின் பயணம் இவ்வாறே வெளிப்பட்டது. ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள இப்பறவையின் காலில் 1.4 கிராம் எடையுள்ள கருவி பொருத்தப்பட்டது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய தீவுகளில் கூடுகட்டிய ஆலாக்கள் அண்டார்க்டிகக் கடல்வரை சென்று மீள, ஓராண்டில் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறந்தன என்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. தெற்கு நோக்கிச் செல்லும்போது அவை வட அட்லாண்டிக்கின் நடுவே பல நாள்கள் தங்கி இரை தேடியதும் அப்போதுதான் தெரியவந்தது. கரையே இல்லாத அந்த இடத்தில் அவை தங்கக் காரணம், அது வளமான கடல்வயல் என்பதே.

இரண்டாவது, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அலைபரப்பி. பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கூட்டுமுயற்சியால் 1978இல் தொடங்கிய ஆர்கோஸ் அமைப்பு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. நிலையத்தை நெருங்கும் தொடர்வண்டியின் ஒலி கூர்மையாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். அதுபோன்றே, செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலைபரப்பியின் அதிர்வெண் மாறித் தோன்றும். அம்மாற்றத்தைக் கொண்டு அலைபரப்பி உள்ள இடம் கணிக்கப்படுகிறது. வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்லமாட்டா. ஆதலின், சீலோ திமிங்கலமோ மூச்செடுக்க மேலே வரும் சில நொடிகளிலேயே செய்தி அனுப்பப்படுகிறது.

கருவி எவ்வளவு பயனுடையதாயினும் அதைச் சுமக்கும் உயிருக்குச் சுமையாகிவிடக் கூடாது. பறவையின் உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கை மிகாத எடையே ஏற்கத்தக்கது என்பது ஆய்வாளர் பலரும் பின்பற்றும் பொதுவிதி. தளர்ந்து மெலிந்த பறவை கடலில் சாதாரணமாக வாழும் முறையைக் காட்டாது. எனவே, இரக்கம் மட்டுமின்றி உண்மையறியும் நோக்கமும் இவ்விதியை வேண்டி நிற்கிறது.

காற்றின்மேல் வாழும் பறவை

உயிரோடிருக்கும் பறவைகளுள் மிக நீண்ட சிறகு விரிவுடையது அலையும் அல்பட்ராஸ். விரிந்த சிறகின் நீளம் மூன்றரை மீட்டர் வரை இருக்கும். தென்பெருங்கடலின் தனித்தீவுகளில் மட்டுமே இது கூடுகட்டுகிறது. அவற்றுள் ஒன்று, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலுள்ள குரோசே தீவுக்கூட்டம்.

அத்தீவுகளில் பியர் சுவந்தேன், ஹென்றி வைமர்ஸ்கிர்ச் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் அல்பட்ராஸ் பறவைகளுக்கு அலைபரப்பி பொருத்தினர். ஒரு பறவை முட்டையை அடைகாக்கும்போது அதன் இணை இரைதேடிச் செல்லும். அவ்வாறு செல்லும் ஒரே பயணத்தில் அது 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை பறப்பதாக 1990ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். ஒரு நாளில் 900 கிலோமீட்டர் வரை அது கடந்தது. டெல்லிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பலமுறை சென்று மீளும் தொலைவை, ஒருவேளை இரைக்காக ஒரு பறவை கடக்கிறது.

இவ்வளவு தொலைவு பறந்தும் அது சோர்வதில்லை. கடல்மட்டத்தை ஒட்டிக் காற்றின் விரைவு குறைவு. உயரே செல்லச் செல்ல மிகுதி. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, காற்றை எதிர்த்து மேலேறியும் காற்றோடு சாய்ந்து கீழிறங்கியும், சிறகை அடிக்காமலே அது மிதந்து செல்கிறது. அவ்வாறு மிதக்கும்போது அதன் இதயத்துடிப்பு ஓய்ந்திருக்கும் வேளையின் துடிப்பை ஒட்டியே இருப்பதாகக் கருவிகள் காட்டின.

ஆழ்கடலின் அளவையாளர்

அல்பட்ராஸ் கடலின் மேற்பரப்பை அறிந்தது எனின், ஆழத்தை அறிந்தது தென்யானைச் சீல். இதன் ஆண்விலங்கு மூன்று டன்னுக்கு மேலும் எடையுடையதாக வளரும். மூச்செடுக்கச் சில நிமிடங்கள் மேலே வருவதும், மீண்டும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் மூழ்குவதுமாக மாதக்கணக்கில் கடலிலேயே இது வாழ்கிறது. 2,000 மீட்டருக்கும் அப்பால் மூழ்கியதாகவும் பதிவுகள் உள்ளன.

இதன் தலைமுடியில் ஒட்டப்படும் சிறு கருவி, நீரின் ஆழத்தையும் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. ஆண்டுக்கொருமுறை சீல் பழைய முடியை உதிர்க்கும்போது கருவியும் தானே கழன்று விழுந்துவிடும்.

இம்முயற்சியால் விளைந்த பயன் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. குளிர்காலத்தில் அண்டார்க்டிகக் கடல் உறைந்துவிடுவதால் கப்பல்கள் அங்கே செல்வது அரிது. சீல்களோ பனியினிடையே நீந்திச் செல்கின்றன. கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டியில் தங்காமல் எஞ்சிய நீரில் சேர்கிறது. குளிர்ந்து உப்பு மிகுந்து கனத்த அந்நீர் அடியாழத்திற்கு இறங்கி, உயிர்வளியைச் சுமந்துகொண்டு உலகப் பெருங்கடல்களின் அடித்தளமெங்கும் பரவுகிறது. இத்தகைய அடிநீர் உருவாகும் இடங்கள் மூன்று என்றே முன்பு அறியப்பட்டிருந்தது. கிழக்கு அண்டார்க்டிகாவின் டார்ன்லி முனையருகே நான்காவது இடம் உள்ளதை 2013ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் தலைமையிலான குழு நிறுவியது. கடலடியில் நிறுத்திய கருவிகளோடு யானைச் சீல்கள் அனுப்பிய அளவீடுகளும் அதற்குச் சான்றாயின. இந்தியாவின் பாரதி ஆய்வுநிலையம் அமைந்திருப்பதும் அதே கரையில், சற்றுக் கிழக்கேதான்.

வரைபடம் காட்டிய உண்மை

பறவைகளின் வழியை வரைந்தபோது ஒரு துயர உண்மையும் வெளிப்பட்டது. குரோசே தீவுகளில் அல்பட்ராஸ்களின் எண்ணிக்கை குறைந்துவந்தது. பெண்பறவைகளே மிகுதியாக மறைந்தன. தீவில் அவற்றைக் கொல்வார் எவருமிலர். காரணம் கடலில் இருந்தது. ஆண்பறவைகள் பெரும்பாலும் தெற்கே அண்டார்க்டிகக் கடலை நோக்கிச் செல்ல, பெண்பறவைகள் வடக்கே வெதுவெதுப்பான கடற்பகுதிக்குச் சென்றன. சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள் மிகுந்திருந்ததும் அங்கேயே.

அக்கப்பல்கள் பல்லாயிரம் அடி நீளமுள்ள கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கோத்துக் கடலில் இறக்கும். இரை மாட்டிய தூண்டில் நீரில் அமிழுமுன் பறவை அதனைக் கவ்வும். முள் தொண்டையில் சிக்கும். கயிற்றோடு நீருக்குள் இழுக்கப்பட்டு மூச்சுத்திணறி மாளும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் நைஜல் பிரதர்ஸ், தென்பெருங்கடலில் இவ்வாறு ஆண்டுதோறும் ஏறத்தாழ 44,000 அல்பட்ராஸ்கள் மாள்வதாக 1991இல் மதிப்பிட்டார்.

இப்பறவை ஈராண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டை இடுவது. ஏறத்தாழ பத்து வயதான பின்னரே இனம் பெருக்கத் தொடங்குவது. தாயும் தந்தையும் மாறிமாறி இரை கொணர்ந்தால்தான் குஞ்சு பிழைக்கும். ஆகவே, தொலைகடலில் ஒரு பறவை தூண்டிலில் மாளும்போது, தீவில் காத்திருக்கும் குஞ்சும் பெரும்பாலும் மாள்கிறது. இவ்விழப்பை ஈடுசெய்யும் விரைவு அவ்வினத்திற்கு இல்லை.

நோய் இன்னதென அறிந்தபின் மருந்தும் புலப்பட்டது. அல்பட்ராஸ்கள் பெரும்பாலும் பகலில் இரை தேடுபவை; எனவே தூண்டிலை இரவில் இறக்கலாம். தூண்டிலில் எடை சேர்த்தால் அது விரைந்து அமிழும். கப்பலின் பின்புறம் வண்ணநாடாக்கள் தொங்கும் கயிற்றைக் கட்டினால், அவை காற்றில் ஆடிப் பறவைகளை விலக்கும். தென் அட்லாண்டிக்கிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றிய கடலில் இம்முறைகள் கட்டாயமாக்கப்பட்டன. குஞ்சு வளர்க்கும் பறவைகள் மிகுந்திருக்கும் கோடைக்காலத்தில் தூண்டில் மீன்பிடிப்பும் நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மாண்ட பறவைகளின் எண்ணிக்கை, சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லையெனும் அளவுக்குக் குறைந்தது.

இருப்பினும், அத்தீவின் அலையும் அல்பட்ராஸ்கள் இன்னும் குறைந்தே வருகின்றன. பாதுகாப்பான எல்லையைக் கடந்து, விதிகள் தளர்ந்த தொலைகடலுக்கும் அவை செல்வதே காரணம். பறவைக்கு நாட்டெல்லை தெரியாது. அது செல்லும் வழி முழுவதும் பாதுகாப்பு இருந்தாலன்றி, ஓரிடத்தில் தரும் பாதுகாப்பு முழுப்பயன் தராது.

காவலராகிய பறவைகள்

இக்குறையைப் போக்கவும் பறவைகளே துணைசெய்தன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் தென் இந்தியப் பெருங்கடல் பகுதியில் 169 அல்பட்ராஸ்களுக்கு, கப்பல்களின் ராடார் அலையை உணரும் கருவி பொருத்தப்பட்டது. கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் கருவியை இயக்க வேண்டும் என்பது கடல் ஒழுங்கு. பறவைகள் எதிர்கொண்ட கப்பல்களை அவ்வறிவிப்புகளோடு ஒப்பிட்டபோது, எந்நாட்டுக்கும் உரிமையில்லாப் பொதுக்கடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கப்பல்கள் தம் இருப்பிடத்தை மறைத்திருந்தமை புலனாயிற்று. அவை அனைத்தும் குற்றம் புரிந்தவை என்று கூற முடியாது. ஆயினும், கண்காணிப்பு எங்கே தேவை என்பதைப் பறவைகள் சுட்டிக்காட்டிவிட்டன.

வட அட்லாண்டிக்கிலும் இத்தகைய நன்மை விளைந்தது. பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 56 வாழிடங்களிலிருந்து புறப்பட்ட 21 வகைப் பறவைகளின் வழிகளை ஒருங்கே வரைந்தனர். கரையிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஒரு கடற்பகுதியை 50 இலட்சம் வரையிலான பறவைகள் நாடுவது தெரிந்தது. 2021ஆம் ஆண்டில் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ ஆறு இலட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டது.

நம் கடலில்

நம் நாட்டில் இத்தகைய ஆய்வை வேண்டி நிற்கும் பாலூட்டிகளுள் ஒன்று கடற்பசு. தமிழக மீனவர் இதனை ஆவுளியா என்பர். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் இது வாழ்கிறது. கூச்ச இயல்புடையது, கலங்கிய நீரில் கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ஆயினும் இது ஒரு சான்றை விட்டுச் செல்கிறது. கடற்புல்லை வேரோடு பெயர்த்து உண்ணும்போது, புல்வெளியில் நீண்ட சால்போன்ற மேய்ச்சல் தடம் உண்டாகிறது. மூழ்கிச்சென்று அத்தடங்களை அளந்தும், மீனவர் கூறும் செய்திகளைத் திரட்டியும், கடற்பசு எப்புல்வெளியை நாடுகிறது என ஆய்வாளர் அறிகின்றனர்.

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் தவறிச் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவர்க்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டுகிறது. சிக்கிய விலங்கு மூச்செடுக்க மேலே வரமுடியாவிடில் சில நிமிடங்களில் இறந்துவிடும். ஆதலால், வலையை அறுக்க முன்வரும் ஒரு மீனவரின் முடிவில் ஓர் உயிரின் வாழ்வு அடங்கியுள்ளது. வலையின் இழப்பை அவர் தாங்கிக்கொள்கிறார் என்பதையும் மறத்தலாகாது.

முடிவாக

சமையலறைக் கடிகாரப்பொறியில் தொடங்கிய முயற்சி, இன்று கடல்களின் ஆழத்தையும் அகலத்தையும் அளக்கும் கலையாக வளர்ந்துள்ளது. தீவில் கூட்டை மட்டும் காத்தபோது அல்பட்ராஸ் குறைந்தது. அது செல்லும் கடல்வழியை அறிந்தபின்னரே அதனைக் காக்கும் முறை தெரிந்தது. எங்கே, எப்போது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கிடைத்துள்ள இடங்களில், தூண்டில் இறக்கும் நேரத்தை மாற்றுவதும் மீன்பிடிக்கும் காலத்தை ஒத்திவைப்பதும் மனிதரால் செய்யக்கூடியவையாக உள்ளன. அவற்றைச் செய்வதும் செய்யாமல் விடுவதும் இனி அறியாமையைப் பொறுத்தவை அல்ல.

பயிற்சி

1. வளையம் மாட்டும் முறையால் அறிய முடிந்தது யாது? அறிய முடியாதது யாது?
2. பகலின் நீளத்தையும் நண்பகல் நேரத்தையும் கொண்டு பறவையின் இருப்பிடம் கணிக்கப்படுவது எவ்வாறு?
3. யானைச் சீல்கள் கப்பல்களால் செய்ய இயலாத எப்பணியைச் செய்தன?
4. குரோசே தீவுகளில் பெண் அல்பட்ராஸ்கள் மிகுதியாக மறைந்தமைக்குக் காரணம் என்ன?
5. தெற்கு ஜார்ஜியாவில் மேற்கொண்ட நடவடிக்கைகள் வெற்றி பெற்றும், அங்குள்ள பறவைகள் இன்னும் குறைந்துவருவது ஏன்? இதற்கு நாடுகள் செய்யவேண்டுவன குறித்து வகுப்பில் கலந்துரையாடி, ஒரு பத்தி எழுதுக.